காதலுக்குக் கவ்வாத்து

ஒழுக்கம் என்னும் ஒப்பற்ற செல்வத்தை இழந்து உலகமே ஓட்டாண்டியாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அதைக் கைவிடாமல் காத்த இடம் ஒன்று உண்டென்றால் அது வட்டவளைக்கு மேலே, மேகம் வந்து உட்காரும் உயரத்தில் இருக்கும் கல்லுமலைத் தோட்டம்தான். அங்கே அதைக் காத்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை முத்துலிங்கம்தான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார் என்பதால் நாம் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

முத்துலிங்கம் சாதாரணக் கணக்கப்பிள்ளை அல்ல. கவ்வாத்துக் கணக்கப்பிள்ளை. தேயிலைச் செடி உயர்ந்து, முற்றி, கொழுந்து குறைந்து போனால் அதைக் கட்டையோடு வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் கவ்வாத்து. அவர் மேற்பார்த்த மலையில் எந்தச் செடியும் பக்கத்துச் செடியைவிட ஒரு விரல்கூட உயர்ந்து நின்றதில்லை. தோட்டத்துத் துரையே வந்து பார்த்து, நல்ல மொட்டை என்று பாராட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்றதும், வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் கை நமநமவென்று உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து காதல் வந்து இறங்கியது.

வேன் ஒன்றில் வந்தது. 'வாசிப்பினூடாக இளையோரை வலுவூட்டல்' என்றொரு திட்டம். அதைக் கொண்டுவந்த தொண்டு நிறுவனத்து அதிகாரி, புத்தகப் பெட்டிகளைத் தோட்டத்து வாசிகசாலையில் இறக்கினார். பெட்டிகளோடு நின்று படமெடுத்துக்கொண்டார். வலுவூட்டல் முடிந்துவிட்டபடியால் பகல் சாப்பாட்டுக்கு ஹற்றனுக்குப் போய்விட்டார். பெட்டிகளைத் திறந்தால் அத்தனையும் 'இளையோர் சமகாலக் காதல் நாவல்கள்'. எங்கெங்கோ எழுதப்பட்டுத் தமிழுக்கு மாற்றப்பட்டவை. அட்டையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுப்பக்கத்தில் ஒரு மனஸ்தாபம் வரும். அது தீர்வதற்குள் படிக்கிறவர் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடிக்கும்.

வாசிகசாலைச் சாவி முத்துலிங்கத்தின் மகள் வினோதாவிடம் இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஆசிரியை ஆவதற்காகக் கல்வியியற் கல்லூரியில் இடமும் கிடைத்து, போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்த பெண். ஹொஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பாவும் 'யோசிக்கலாம்' என்று சொல்லியிருந்தார். அவர் வாயில் அந்தச் சொல் வருவதே பெரிய சலுகை.

ஒரு காலை மூக்குக்கண்ணாடியைத் தேடிய முத்துலிங்கம், காம்பராவில் சுருட்டி வைத்திருந்த பாயை உதறினார். கண்ணாடி விழவில்லை. காதல் விழுந்தது.

"இது என்னாது?"

வினோதா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள். "பொஸ்தகம்ப்பா."

"பொஸ்தகம்னு எனக்குத் தெரியாதா? ஹொஸ்டல்ல போயி இதத்தான் படிக்கப் போறியா?"

குசினியில் சட்டி மூடி ஒன்று விழுந்து உருண்டது. அவருடைய மனைவி அழகம்மா, மலைக்குக் கொழுந்தெடுக்கப் புறப்பட்ட கோலத்தில் வாசலுக்கு வந்தாள். "எதுக்குங்க புள்ளயப் போட்டு..."

"நீ பேசாம பெரட்டுக்குப் போ. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார் முத்துலிங்கம். பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, அழகம்மா நேரத்தோடு போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். அவள் போய்விட்டாள். விசாரணை முடியும்வரை மகளின் கல்லூரிப் பயணம் 'தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது'.

அதே வாரம் 'கல்லுமலைத் தோட்ட இளையோர் ஒழுக்கப் பாதுகாப்பு உபகுழு' உதயமாயிற்று. தலைவர் முத்துலிங்கம். உறுப்பினர் இருவர். ஒருவர் மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் இக்னேசியஸ் மாஸ்டர். மற்றவர் சந்தியில் பலசரக்கும் பள்ளிக்கூடச் சாமான்களும் விற்கும் அன்ஸார் நாநா. மின்கம்பம் நடுவதற்குக்கூட ஒரே பெஞ்சில் உட்காராத மூன்று சமயமும், பெண்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு நெருக்கியடித்து உட்கார்ந்தன. சமய நல்லிணக்கம் முடியாத காரியம் என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"படிக்காம தடை செய்யிறது நியாயமில்லீங்க" என்றார் இக்னேசியஸ் மாஸ்டர்.

"படிச்சா கெட்டுப் போவமே?" என்றார் முத்துலிங்கம்.

"அம்பது தாண்டுனவங்க கெட மாட்டாங்க. நமக்குள்ள பிரிச்சிக்குவோம்."

அவர்கள் செய்த தியாகத்தை எப்படி எழுதுவது? மாஸ்டர் தன் பங்கை முடித்துவிட்டு அன்ஸார் நாநாவின் பங்கிலும் கைவைத்தார். அன்ஸார் நாநா அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆய்வு செய்ததில், சீனி கேட்டவர்களுக்கு உப்பு போயிற்று. முத்துலிங்கம் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே படித்தார். சுளிப்பு கலையாமலே அடுத்த பாகத்தை எடுத்தார்.

இரண்டாம் கூட்டத்தில் தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எத்தன முத்தம்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எல்லாத்தையும் அலசிப் பாத்துட்டேங்க. ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் நெத்தியில. அந்தப் புள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

குழு ஏமாந்தது என்று சொல்வது அவதூறு. எதிர்பார்த்த சான்று கிடைக்காமையால் குழு 'ஆழ்ந்த கவலையுற்றது'.

"வேற குத்தம் நெறய இரிக்குது" என்றார் அன்ஸார் நாநா. "இந்தப் பொடியனும் புள்ளயும் மூணு பக்கத்துக்கு மழையில நனையிதுகள். ஒரு அட்டையாச்சும் கடிக்கணுமா இல்லியா? நம்மட ஊர்ல மூணு நிமிஷம் நிண்டு பாக்கச் செல்லுங்க! பொறகு இன்னொண்டு. எல்லாப் பொடியனும் கோப்பிக் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போறான். ஒருத்தனாச்சும் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடுக்கிறானா?"

தேயிலைத் துறைக்கு எதிரான இந்தச் சதி ஒருமனதாகக் கண்டிக்கப்பட்டது. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது.

"முத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்ப இந்தப் பொண்டுபுள்ளைங்க எதுக்கு இப்பிடி விழுந்து விழுந்து படிக்குதுங்க?" என்றார் முத்துலிங்கம்.

அன்ஸார் நாநா குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிரித்தார். "தலைவர், இந்த இடத்த கொஞ்சம் கேளுங்க. அந்தப் புள்ள நாள் முழுக்க வேல செஞ்சி போட்டு வந்து குந்திக்கொண்டு இரிக்கா. பொடியன் வாரான். வந்து கேக்கிறான்..."

"என்னா கேக்குறான்?"

"'கால் வலிக்குதா'ண்டு கேக்கிறான்."

முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதோட விட்டானா?"

"எங்க விட்டான்? அவ சாப்பிட்ட கோப்பைய எடுத்துக் கழுவுறான்."

"யாரு சொல்லி?"

"ஒருத்தரும் செல்லல்ல. அவனாத்தான்."

"மாஸ்டர், அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றார் முத்துலிங்கம்.

நோயின் வேர் அகப்பட்டுவிட்டது. மாஸ்டரும் தன் குறிப்புகளைச் சொன்னார். ஒரு கதையில் பையன், நீ என்ன நினைக்கிறாய் என்று பெண்ணிடம் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருக்கிறான். இன்னொன்றில் தான் செய்தது பிழை என்று சொல்கிறான். சாராயம் குடிக்காமலே சொல்கிறான். இத்தகைய 'மிதமிஞ்சிய அக்கறை' கொண்ட பக்கங்கள் இளம் பெண்களின் மனதில் வீண் எதிர்பார்ப்புகளை ஏற்படுத்தி, வருங்காலக் கணவன்மாரின் நிம்மதியைக் குலைக்கும் என்று குழு கண்டது.

எரிக்கலாமா என்றால், கொழும்பு அதிகாரி திடீரென்று வந்து மறுபடியும் படமெடுக்கக்கூடும். திருப்பி அனுப்பலாமா என்றால், அன்ஸார் நாநாவுக்கு ஒரு மனஸ்தாபம் இன்னும் தீராமல் பாதியில் நின்றது. அப்போதுதான் முத்துலிங்கத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கவ்வாத்து வெட்டிருவோம்" என்றார்.

கத்தரிக்கோல் போதும் என்று மாஸ்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை. பழைய கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் பக்கத்தைக் காட்ட, அன்ஸார் நாநா புத்தகத்தை அழுத்திப் பிடிக்க, தலைவர் அடியோடு வெட்டினார். ஓரம் பிசிறவில்லை. அக்கறை அதிகமாக இருந்த ஒரு நாவலில் கடைசியில் அட்டையும் சமர்ப்பணமும்தான் எஞ்சின. வெட்டிய பக்கங்களைக் கொழுந்துச் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, தன் வீட்டுப் பரணில் ஏற்றினார் முத்துலிங்கம். நாள்தோறும் ஏறி அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்ப்பார். ஈரக் கொழுந்தையும் அடியில் போட்ட கல்லையும் கை நிறுவையிலேயே கண்டுபிடித்த மனிதர். எடை சரியாகவே இருந்தது.

மொட்டையடித்த நாவல்கள் வாசிகசாலைக்குத் திரும்பின. ஆர்வம் செத்துவிடும் என்று குழு காத்திருந்தது.

இங்கேதான் ஒரு சின்னச் சறுக்கல். முதல் புத்தகத்தை எடுத்த பெண், பையன் வாசற்படி ஏறி வருகிற இடத்தைப் படித்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நடுவில் பக்கம் இல்லை. நடுவில் என்ன நடந்தது? அவள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். அந்தப் பக்கத்துக்காரி மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது அடுத்த நிரைக்காரியைக் கேட்டாள். ஆளுக்கொரு பதில் வந்தது. அதற்குமுன் புத்தகத்தையே தொட்டிராதவர்கள்கூட, 'அவன் என்ன சொல்லியிருப்பான்னு நான் சொல்றேன்' என்று ஆரம்பித்தார்கள். புத்தகத்துக்கு ஆள் வரிசையில் நின்றது.

அதுகூடப் பரவாயில்லை. முன்பெல்லாம் காதல் எங்கோ பெயர் தெரியாத பட்டணத்தில், கோப்பிக் கடையில் நடந்தது. இப்போது ஐந்தாம் நம்பர் மலையில் நடக்க ஆரம்பித்தது. கதாநாயகி கொழுந்துக் கூடையோடு நின்றாள். கதாநாயகன் அவள் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தான், நிறுவைக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனான், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான். அன்ஸார் நாநா சுட்டிக்காட்டிய குறைகள் யாவும் நிவர்த்தி செய்யப்பட்டுவிட்டன.

இலங்கையின் எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: கவ்வாத்து வெட்டுவது செடியை ஒழிக்க அல்ல, முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்க வைக்க. அதையே தொழிலாகச் செய்த நம் கணக்கப்பிள்ளைக்கு அது மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. பெரிய மனிதர்களுக்கு இப்படி ஆவதுண்டு.

கடைசியில் அந்தப் பயங்கரமும் நடந்தது. மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கணக்கபிள்ள ஐயா, கெட்டுச்சு காரியம்! நம்ம மூணாம் லயத்துச் சுதாகரன்..."

"யாரோட ஓடிட்டான்?"

"ஓடலீங்க. பீலியில இருந்து தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டுப் போறான். பொண்டாட்டி வெறுங்கைய வீசிக்கிட்டு முன்னால போகுது."

"கட்டுன பொண்டாட்டிக்கா?"

"கட்டுன பொண்டாட்டிக்குத்தாங்க! பட்டப்பகல்ல!"

அன்று மாலையே முத்துலிங்கத்தின் இஸ்தோப்பில் அவசரக் கூட்டம் கூடியது. வெளியே மழை. பெண்கள் தாங்களாகக் கற்பனை செய்வதை நிறுத்த, வெட்டிய பக்கங்களைத் திரும்ப ஒட்டிவிடுவதே வழி என்றார் மாஸ்டர். புத்தகத்துப் பையனாவது வெளிநாட்டில் இருந்தான். சுதாகரன் எல்லார் கண்ணிலும் படுகிறான். பசை தன் கடையில் இருக்கிறது என்றார் அன்ஸார் நாநா. முத்துலிங்கம் பரணிலிருந்து சாக்கை இறக்கி, நடுவில் வைத்து அவிழ்த்தார்.

உள்ளே பழைய பத்திரிகைகள் இருந்தன. காதல் ஒரு துண்டுகூட இல்லை.

"வினோதா!"

அவள் வந்து நின்றாள்.

"பக்கமெல்லாம் எங்க?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் எடுக்கல."

"பாயில இருந்து பொஸ்தகத்த எடுத்தப்பவே நான் முடிவு பண்ணியிருக்கணும். காலேஜும் வேணாம், ஹொஸ்டலும் வேணாம். கொத்மலையில நம்ம கந்தப்பன் மகனுக்குக் கேக்குறாங்க. வார தையில முடிச்சிருவோம்."

"அப்பா, அந்த எடம் சும்மா கெடைக்கலப்பா. நாளாந்தம் விடியக்காலம் எந்திரிச்சுப் படிச்சேன். இதுக்காக என்னைய நிப்பாட்டாதீங்க" என்று அழுதாள். உபகுழு உறுப்பினர்கள் இருவரும் மழையைப் பார்த்தார்கள்.

அந்த மழையில்தான் அழகம்மா வந்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஈரத்தோடு இஸ்தோப்பில் ஏறி, இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பொலித்தீன் பை. அதை மூன்று பேருக்கும் நடுவே பெஞ்சில் வைத்தாள். பக்கங்கள், எண் வரிசைப்படி அடுக்கி, நூலால் கட்டியிருந்தன.

"அவள ஏன் அழ வைக்கிறீங்க? நான்தான் எடுத்தேன்."

"நீயா?" முத்துலிங்கம் சிரிக்கக்கூடப் பார்த்தார். "நீ எடுத்து என்னா செய்ய? ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன். நீங்க கேட்டதில்ல."

கட்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதருக்கு இதைத் திடீரென்று சொல்லியிருக்கக் கூடாதுதான்.

"அப்ப பாய்க்குள்ள இருந்தது?"

"அதுவும் என்னோடதுதான். இவ எனக்காக வாய மூடிக்கிட்டு நின்னா. இவ படிக்கிறதெல்லாம் பரிச்சப் பொஸ்தகம்."

"இந்த வயசுல ஒனக்கு எதுக்குடி காதல் கத?"

"காதலுக்கு யாருங்க படிச்சா?" அழகம்மா ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பையன், கால் வலிக்குதான்னு கேக்குறான். அந்த எடத்த எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது. தேத்தண்ணிக்கு ஒக்காந்தப்ப கூட இருந்த நாலஞ்சு பொம்பளைங்களுக்கும் வாசிச்சுக் காட்டுனேன். எல்லாரும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாங்க. மாஸ்டர், உங்க சம்சாரமும் இருந்தாங்க. அவங்கதான் ரொம்ப அழுதாங்க."

மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

"அசிங்கம்னுதானே அத நாங்க வெட்டுனோம்!" என்றார் முத்துலிங்கம்.

"அதத்தான் சொல்ல வாரேன். இத்தன நாளா நான் என்னா நெனச்சேன்? நம்ம ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் தெரியாது, யாரும் சொல்லிக் குடுக்கல, தெரிஞ்சா செய்வாங்கன்னு நெனச்சேன். நீங்க மூணு பேரும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சீங்க. படிச்சிட்டு, இதுதான் ஆகாதுன்னு கத்திய எடுத்தீங்க. அன்னைக்குத்தாங்க எனக்குப் பயம் வந்துச்சு. எம் புள்ளய இங்க ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன். அவ காலேஜுக்குப் போவா."

சொல்லிவிட்டு உள்ளே போய் மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டிருந்த வினோதாவும் பின்னாலேயே போனாள்.

வினோதா கல்லூரிக்குப் போனாள். தலைவர் தமது 'விசேட அதிகாரத்தின் கீழ்' அதற்கு அனுமதி வழங்கினார். அவர் வழங்கி முடிப்பதற்குள் தாயும் மகளும் ஏறிய பஸ் ஹற்றனைத் தாண்டியிருந்தது.

உபகுழு அதற்காகத் தன் கடமையிலிருந்து வழுவவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாசிகசாலை முன்றலில் தோட்டத்து ஆண்களும் பெண்களும் கூடியிருக்க, அதன் இறுதி அறிக்கையை முத்துலிங்கம் கணீரென்று வாசித்தார். வெட்டப்பட்ட பக்கங்களில் காணப்பட்டது போன்ற நடத்தை, சுதாகரன் என்பவரின் வீடு நீங்கலாக, கல்லுமலைத் தோட்டத்தின் எந்த வீட்டிலும் எந்தக் காலத்திலும் நடந்ததில்லை என்பதைக் குழு பெருமையுடன் உறுதிப்படுத்தியது. மறுப்பவர்கள் யாரும் இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று தலைவர் மூன்று தரம் கேட்டார்.

ஒரு பெண்கூட எழுந்திருக்கவில்லை.